கேட்டால் திட்டுவார்கள்

வார்டுக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தால் முதல் நாளே அவளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சாவி எந்த பீரோவுக்கு என்பது ஒன்று. யாரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவதை இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வார். இரண்டாவதை ஆயாம்மா சொல்வார், அதுவும் காதோடு காதாக. அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரிண்டென்ட்டாக ஓய்வு பெற்றவள் நான். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் சாவிக்கொத்து வேறாக இருந்தது. ஆயாம்மாவின் எச்சரிக்கை மட்டும் ஒன்றேதான்.

நர்சுகள் படும் பாட்டை எழுதுகிறவர்கள் நோயாளியின் சொந்தக்காரர் கை ஓங்கியதை எழுதுவார்கள். டாக்டர் கத்தியதை எழுதுவார்கள். சம்பளக் குறைவை எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு பெண்ணைப் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழ வைப்பவர் பெரும்பாலும் அவளைப் போலவே யூனிஃபார்ம் போட்ட இன்னொரு நர்ஸ்தான். வெளியே பேசினால் தொழிலுக்குக் கெட்ட பெயர் என்று நாங்களே இதை மூடி வைத்திருக்கிறோம். மே 12 நர்சுகள் தினத்தன்று மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கும் மேடையிலும் இது பேச்சாக வந்து நான் கேட்டதில்லை.

அடிதடியெல்லாம் கிடையாது. கூப்பிட்டால் காது கேளாததுபோல் இருப்பார்கள். ட்ரிப் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி போடும்போது ஒரு தடவை நரம்பு தவறினால், "ட்ரெய்னிங்ல என்னத்தைக் கிழிச்ச?" என்று நோயாளியின் தலைமாட்டிலேயே கேட்பார்கள். டியூட்டி ரூமில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். டாக்டர் போனில் சொன்ன ஆர்டரை இவளுக்குச் சொல்லாமல் விட்டு, ரவுண்ட்ஸில் இவள் முழிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பம். புகாராக எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும். நாள் தவறாமல் அதற்குள் போய் நிற்கிறவளுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இந்தப் பகை அதிகம் தலைகாட்டும் நேரம் டியூட்டி மாறும் நேரம். நான் இருந்த இடங்களில் பகல் டியூட்டிகள் ஆறு ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு. விடிய விடிய நின்றவள் காலையில் வருகிறவளிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். 'ஓவர் கொடுக்கிறது' என்போம். அதில் நோயாளியை ஒப்படைப்பது பாதி, சாமானை ஒப்படைப்பது மீதி. பி.பி. கருவி எத்தனை, தெர்மாமீட்டர் எத்தனை, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல், டார்ச், கிட்னி ட்ரே, சிலிண்டர் சாவி, போர்வை என்று எல்லாவற்றையும் எண்ணிக் காட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கினால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஒன்று குறைந்தாலும் ஒப்படைக்கிறவள் தலையில் விழும்.

நான் ஆண்கள் மெடிக்கல் வார்டில் இருந்தபோது ஒரு காலையில் தெர்மாமீட்டர் ஒன்று குறைந்தது. பாதரசம் வைத்த கண்ணாடித் தெர்மாமீட்டர் காலம். இரவு டியூட்டி பார்த்தவள் வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன பெண். ஓவர் எடுக்க வந்த சீனியர் வார்டு நடுவில் நின்றுகொண்டு, "எங்கம்மா வெச்ச? வீட்டுக்குக் கொண்டு போயிட்டியா?" என்றார். அத்தனை நோயாளிகளும் அவர்களுக்குத் துணை இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ராத்திரியெல்லாம் அவர்களுக்கு ட்ரிப் மாற்றியவள் அவர்கள் கண்ணெதிரே திருடியாக நின்றாள். எதிரே இருந்த மெடிக்கல் ஷாப் திறக்கும் வரை காத்திருந்து, தன் காசில் ஒன்று வாங்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மத்தியானம் ஒரு கேஸ் ஷீட்டின் மடிப்புக்குள்ளிருந்து பழைய தெர்மாமீட்டர் விழுந்தது. ஹவுஸ் சர்ஜன் யாரோ செருகி வைத்திருக்கிறார். சீனியர் அதைக் கழுவி ஜாடியில் போட்டார். ஸ்டாக்கில் ஒன்று கூடியது. அடுத்த முறை அந்தப் பெண் டியூட்டிக்கு வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த சீனியர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பல வருஷம் முன்பு காணாமல் போன ஒரு பி.பி. கருவிக்காக, இன்க்ரிமென்ட்டை நிறுத்துவோம் என்று அவருக்கு மெமோ வந்திருந்தது. அன்றிலிருந்து காலையில் எண்ணிக்கை முடியும் வரை அவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பைத் தனக்குக் கீழே இருப்பவள் மேல் இறக்கி வைத்தால்தான் அவரால் வேலை பார்க்க முடிந்தது. மேலே இருந்து வரும் பயம் ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் நிற்கிறவள் மேல் விழுகிறது. எங்கள் தொழிலில் கடைசியில் நிற்பவள் எப்போதுமே புதிதாகச் சேர்ந்தவள்.

அடுத்தது டியூட்டி லிஸ்ட். வெளியே இருப்பவர்களுக்கு அது ஒரு தாள். எங்களுக்கு அதுதான் தலையெழுத்து. யாருக்கு எத்தனை நைட், யாருக்கு எந்த நாளில் ஆஃப், தீபாவளிக்கு யார், பொங்கலுக்கு யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பென்சிலால் எழுதப்பட்ட லிஸ்ட் என்றால் இரவோடு இரவாக மாறிவிடும். எதிர்த்துப் பேசியவளுக்கு நைட் முடிந்த மறுநாளே மத்தியான டியூட்டி விழும். பண்டிகை நைட்டெல்லாம் கல்யாணமாகாதவளுக்கு. கேட்டால், "உனக்கென்ன, புள்ளையா குட்டியா?" என்பார்கள். அவளுக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள், புதுத்துணி எடுத்து வைத்திருக்கிறாள் என்பது யார் கணக்கிலும் வராது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வந்தால் வேறு விதம்: "நாங்கெல்லாம் புள்ளையப் பெத்து வளக்கலையா? பால் குடுக்கணும்னு ஓடறா பாரு." இரண்டையும் ஒரே வாய் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

கண்டிப்பு இல்லாமல் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. லேபர் வார்டில் எனக்கு வாய்த்த இன்சார்ஜ் சிஸ்டர் எமன். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் எழுந்து நிற்போம். பிரசவம் முடிந்து நஞ்சு விழுந்த பிறகு, தாயின் வயிற்றில் என் கையை எடுத்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். "கண்ண மூடு. கையில என்ன தெரியுது? கல்லு மாதிரி இருக்கா, கொழகொழன்னு இருக்கா?" கல்போல் இறுகியிருந்தால் கர்ப்பப்பை சுருங்குகிறது. மாவுபோல் தொளதொளத்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்குக்கு முதல் காரணமே கர்ப்பப்பை சுருங்காததுதான். துணியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறவள் தாமதமாகத்தான் ஓடுகிறாள், கைக்கு முதலில் தெரிய வேண்டும் என்பார். நான் சரியாகச் சொல்லும் வரை விட மாட்டார். தப்புச் செய்தால் திட்டுவார், பயங்கரமாகத் திட்டுவார், ஆனால் லினன் ரூமுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். வெளியே வந்ததும் அதே வேலையைத் தானே ஒரு முறை செய்து காட்டுவார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் அவரிடம் சந்தேகம் கேட்கப் பயந்ததில்லை. கண்டிப்பும் அவமானப்படுத்துவதும் வேறு வேறு என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றவர்கள் எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள்? ஹாஸ்டலில் ஆரம்பிக்கிறது. நான் படித்த நர்சிங் பள்ளியில் சீனியர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், தண்ணீர் வராத நாளில் அவர்களுக்கும் சேர்த்துக் குடம் தூக்க வேண்டும், மெஸ்ஸில் அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் உட்கார வேண்டும். பட்டதை அடுத்த வருஷம் வந்தவர்களிடம் திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே சம்பிரதாயம். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன்பின் ஹாஸ்டல்கள் நிறைய மாறின. ஆனால் அந்தச் சட்டம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. அதே பெண் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வார்டுக்குள் காலெடுத்து வைத்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

வார்டுக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. மருத்துவமனைக்குள் புகுந்து ஊழியர்களைத் தாக்குகிறவர்களுக்காக 2008இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். வெளியாள் அடித்தால் ஒரு சட்டம், ஆண் தொந்தரவு செய்தால் ஒரு சட்டம். கூட வேலை பார்க்கும் நர்ஸ் உன்னை மாதக்கணக்காக அவமானப்படுத்தினால் நீ யாரிடம் போவாய்? சூப்பரிண்டென்ட்டிடம் போகலாம். பல இடங்களில் அவமானப்படுத்துகிறவரின் நெருங்கிய தோழி அவர்தான்.

ஆள் பற்றாக்குறை இதற்குப் போடுகிற எரு. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி சாதாரண மருத்துவமனைப் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். நான் நைட் பார்த்த வார்டுகளில் கட்டில் நிறைந்து தரையில் பாய் போட்டும் ஆள் படுத்திருப்பார்கள், நர்ஸ் ஒருத்தி இருப்பாள். அப்படியொரு இரவில் பக்கத்து வார்டிலிருந்து வந்து ஒருத்தி சந்தேகம் கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வருவது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கோபம் ஆள் போடாதவர் மேல் போகாது. எதிரே நிற்கிறவள் மேல்தான் போகும்.

போதாக்குறைக்கு, ஒரே வார்டுக்குள் பல ஜாதிச் சம்பளம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு வந்தார்கள். நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் குவிந்து போராடினார்கள். பிறகு ஊதியம் ஏறியது, நிரந்தரம் மட்டும் பகுதி பகுதியாக, இழுபறியாக வந்தது. கொரோனா காலத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொல்லிவிட்டார்கள். இந்த வரலாறு வார்டுக்குள் எப்படி இறங்கியது என்பதை நான் நேரில் பார்த்தேன். "அது கான்ட்ராக்ட்டு, அவள அனுப்பு" என்று அஃறிணையில் பேசினார்கள். ரெகுலர் நர்ஸ் நேரத்துக்குக் கிளம்புவார், எம்.ஆர்.பி. பெண் அவர் விட்டுப் போன ரெஜிஸ்டரையும் எழுதி முடிப்பாள். எதிர்த்தால், "ரிப்போர்ட் போட்டா உனக்கு ரினியுவல் கிடையாது பாத்துக்கோ." ஒரே ஊசி, ஒரே ட்ரிப், ஒரே ரத்தம். சம்பளத்தில் பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது அரசாணை. அதை ஒருவரையொருவர் மட்டம் தட்டும் கம்பாக எடுத்துக்கொண்டது நாங்கள்.

தனியாரில் வேறு மாதிரி. அரசு வேலை வரும் வரை நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் எவ்வளவு பட்டாலும் ஓட முடியாது. அங்கே கட்சிகள் மொழியால் பிரிந்திருந்தன. மலையாளம் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், தமிழ் பேசுகிற நாங்கள் ஒரு பக்கம், வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள் தனியாக. எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கத்து மொழியில் ஓவர் கொடுத்துவிடுவார்கள். புரியாதவள் கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ள வேண்டும். நாங்களும் எங்கள் கை ஓங்கிய ஷிஃப்டில் அதைத்தான் செய்தோம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது கையில் வராத பெண்கள் இன்றும் எத்தனையோ பேர். கையில் காசில்லாத, சர்ட்டிஃபிகேட்டும் இல்லாத பெண்ணை மிரட்டுவது சுலபம்.

சாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அரசுப் பணியில் இட ஒதுக்கீட்டால் எல்லா வீட்டுப் பெண்களும் நர்ஸ் ஆகியிருக்கிறோம். அது இந்த மாநிலத்தின் பெருமை. ஆனால் டியூட்டி ரூமில் "எந்த ஊரும்மா?" என்ற கேள்விக்குப் பின்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று இன்னொன்று வரும். அதன் பதில் தெரிந்த பிறகு யார் டிஃபன் பாக்ஸில் யார் கை வைக்கிறார்கள் என்பது மாறும். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். டியூட்டி லிஸ்ட்டை எடுத்து ஆறு மாதத்துக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் சில நேரம் அது சொல்லும்.

இதெல்லாம் எங்களுக்குள் இருக்கும் குடும்பச் சண்டை, நோயாளிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நான் சூப்பரிண்டென்ட் ஆன பிறகு நடந்தது இது. தனியார் மருத்துவமனையிலிருந்து ஒரு சர்க்கரை நோயாளி எங்களிடம் வந்து சேர்ந்தார். இன்சுலின் பேனா வீட்டில் இருந்தது, அதில் போடும் கார்ட்ரிட்ஜை மட்டும் மகன் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஸ்டோரில் வருவது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி. அதற்கென்றே சிவப்பு மூடி சிரிஞ்சு. கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 50 யூனிட். நைட்டில் இருந்தவள் புதுப் பெண். கார்ட்ரிட்ஜில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தாள், சந்தேகம் வந்தது. அடுத்த வார்டில் சீனியர் இருந்தார். போன வாரம் ஹெப்பரின் கலக்குவதில் ஒரு சந்தேகம் கேட்டபோது, "இதுகூடத் தெரியாமதான் ரேங்க் வாங்குனியா?" என்று நாலு பேர் சிரிக்கும்படி கேட்டவர் அவர். இவள் போகவில்லை. 20 கோடு வரை இழுத்துப் போட்டாள்.

நடுராத்திரிக்கு மேல் அந்த மனிதருக்குச் சட்டை நனைய வியர்த்தது, பேச்சு குழறியது. தரையில் படுத்திருந்த மகன் எழுந்து ஓடி வந்தார். குத்திப் பார்த்தால் சர்க்கரை நாற்பதுக்குக் கீழே. நல்ல வேளை, டெக்ஸ்ட்ரோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, டியூட்டி டாக்டரும் விழித்திருந்தார். பிழைத்துக்கொண்டார். விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சந்தேகம் வந்ததே, ஏன் கேட்கவில்லை என்று கேட்டோம். "கேட்டா திட்டுவாங்க மேடம்" என்றாள். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். மருந்துத் தவறு அவளுடையது, அதில் மறுப்பில்லை. ஆனால் அவள் சொன்ன காரணத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன். விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டார்கள்.

சம்பந்தம் உண்டு என்று உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2008இல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஊழியர்களை மிரட்டுவதும் மட்டம் தட்டுவதும் மருத்துவத் தவறுகளுக்கு வழி வகுக்கும், ஒவ்வொரு மருத்துவமனையும் இதைத் தடுக்க நடைமுறை வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கும் முன்பே, 1983இல் சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்ற நர்சிங் ஆய்வாளர் இதன் வேரைத் தொட்டிருந்தார். அதிகாரம் இல்லாத கூட்டம் மேலே இருப்பவரை எதிர்க்க முடியாமல் தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். டாக்டருக்கும் நிர்வாகத்துக்கும் கீழே இருக்கும் நர்சுகளிடம் நடப்பது அதுதான் என்றார். பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்படித்தான் என்று நம்மூரில் சொல்கிற சப்பைக்கட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஆண் நர்சுகள் நிறைந்த வார்டிலும் இதே கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

2004இல் மார்த்தா கிரிஃபின் என்ற இன்னொரு அமெரிக்க நர்ஸ் ஒரு எளிய காரியம் செய்தார். புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு, இன்னின்ன விதமாக உன்னை மட்டம் தட்டினால் இன்னின்ன வார்த்தை சொல்லு என்று சின்ன அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு மாட்டிக்கொள்ளக் கொடுத்து, சொல்லிப் பழக வைத்தார். அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் எங்கள் எல்லாருடைய அனுபவமும். முன்பே பழகிய வாக்கியம் என்றால் வாய் தானாகச் சொல்லும். இதைப் படித்தபின் என் கீழ் இருந்த பெண்களுக்கு நம் பேச்சில் சிலவற்றைச் சொல்லிக் கொடுத்தேன். "அக்கா, தப்பு என்னுதா இருக்கலாம். நோயாளி முன்னாடி வேண்டாம், ரூம்ல சொல்லுங்க." "அவங்க இல்லாதப்ப அவங்களப் பத்திப் பேச வேண்டாங்க்கா." மரியாதை குறையக் கூடாது, குரல் உயரக் கூடாது. பல சீனியர்கள் இதைக் கேட்டதும் ஒரு நொடி நின்றார்கள், பிறகு ரூமுக்குத்தான் கூப்பிட்டார்கள். ஒருவர், "ஓ, எனக்கே பாடம் எடுக்குறியா?" என்று முன்னைவிட மோசமானார். அவரை வேறு வார்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வாக்கியத்தால் எல்லாம் சரியாகிவிடாது.

பொறுப்பு கையில் இருந்தபோது இன்னும் சில காரியம் செய்தேன். டியூட்டி லிஸ்ட்டைப் பேனாவில் எழுதி, மாதத் தொடக்கத்துக்கு முன்பே சுவரில் ஒட்டினேன். மாற்ற வேண்டுமென்றால் மாறிக்கொள்ளும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் டியூட்டிகளுக்கு ஆண்டு முழுவதற்கும் தனி அட்டவணை போட்டேன். போன வருஷம் பார்த்தவருக்கு இந்த வருஷம் கிடையாது. நோயாளியைப் பற்றிய ஓவரை மேசையில் உட்கார்ந்து கொடுக்காமல், இருவரும் கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுக்க வேண்டும் என்றேன். நோயாளி கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் தகவலை மறைக்க முடியாது, ஒருவரையொருவர் கேவலப்படுத்தவும் கூசும். காணாமல் போன சாமானுக்குக் காசு வசூலிப்பதை நிறுத்தினேன். தெர்மாமீட்டர் உடையும், கத்தரிக்கோல் தொலையும். அதற்கு ஸ்டோரில் எழுதி வாங்க வழி இருக்கிறது. சீனியர்களில் சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள்: "பிள்ளைங்களுக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க மேடம்." கெட்டுப் போனதாகத் தெரியவில்லை. தவறுகள் நடக்காமல் போகவில்லை, ஆனால் நடந்த அன்றே வந்து சொன்னார்கள்.

அரசுக்கும் தனியார் நிர்வாகங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது நீளமானதல்ல. கவுன்சில் சொன்ன கணக்குப்படி நர்சுகளைப் போடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுங்கள். பாலியல் புகாருக்குக் குழு இருப்பதுபோல், சக ஊழியர் அவமானப்படுத்தினாலும் போய்ச் சொல்ல ஒரு குழு வையுங்கள். அதில் வார்டைச் சேராத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மருந்துத் தவறு பற்றி விசாரிக்கும்போது, சந்தேகம் கேட்க அந்தப் பெண்ணுக்கு ஆள் இருந்ததா என்ற கேள்வியையும் படிவத்தில் சேருங்கள்.

வார்டுப் பொறுப்பில் இருக்கும் என் தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் வார்டில் கடைசியாகச் சேர்ந்த பெண் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து உங்களிடமோ உங்கள் சீனியரிடமோ ஒரு சந்தேகம் கேட்கிறாளா என்று கவனியுங்கள். கேட்கிறாள் என்றால் வார்டு நன்றாக நடக்கிறது. ஒரு மாதமாக யாருமே எதுவும் கேட்கவில்லை என்றால், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.